ஓடாத ஆறும் உறைந்த கடலும்

வேண்டாத பொருளைக் கண்ணுக்கு எட்டாத இடத்தில் கொட்டிவிட்டால் அது ஒழிந்துவிட்டது என்று கருதுவது மனிதனின் மிகப் பழைய நம்பிக்கைகளுள் ஒன்றாகும். வீட்டுக் குப்பையை மதிலுக்கு அப்பால் எறிகின்ற நாமும், ஆலைக் கழிவை ஆற்றில் திறந்துவிடுகின்ற தொழிலதிபரும், அணு உலையைக் கடலில் அமிழ்த்துகின்ற வல்லரசும் இந்த ஒரே நம்பிக்கையைத்தான் கடைப்பிடிக்கிறோம். அளவில் வேறுபாடு உண்டு. எண்ணத்தில் வேறுபாடு இல்லை. ஆனால் கொட்டப்பட்ட பொருள் எதுவும் ஒழிந்துபோவதில்லை. அது இடம் பெயர்கின்றது. எங்கே பெயர்கின்றது, எவ்வளவு காலத்தில் பெயர்கின்றது, இறுதியில் யாருடைய குடத்தில் வந்து சேர்கின்றது என்பவையே அதன்பின் எழும் கேள்விகள்.

இருபதாம் நூற்றாண்டின் இறுதிப் பத்தாண்டில் இக்கேள்விகள் உலகின் இரு வேறு மூலைகளில் ஏறத்தாழ ஒரே காலத்தில் எழுப்பப்பட்டன. ஒன்று, இரஷ்யாவின் வடகோடியில் பனியால் மூடப்பட்டுக் கிடக்கும் காரா கடல். மற்றொன்று, வாணியம்பாடி, ஆம்பூர், வேலூர், இராணிப்பேட்டை என நம் ஊர்களைத் தொட்டுச் செல்லும் பாலாறு. அங்கே கொட்டப்பட்டது கதிரியக்கக் கழிவு. இங்கே கொட்டப்பட்டது தோல் பதனிடும் தொழிலின் கழிவு. இரண்டு இடங்களிலும் அறிஞர்கள் கணித மாதிரிகளை அமைத்து விடை தேடினார்கள். அவ்விரு விடைகளும் அவற்றுக்குப்பின் நிகழ்ந்தவையும் நாம் அமர்ந்து எண்ணிப் பார்க்கத்தக்கவை.

கடலடியில் உறங்கும் உலைகள்

சோவியத் ஒன்றியம் வீழ்ந்தபின், 1993ஆம் ஆண்டில், இரஷ்ய அரசு ஓர் அறிக்கையை வெளியிட்டது. அறிஞர் அலெக்சேய் யாப்லகோவ் தலைமையிலான குழு அதைத் தயாரித்திருந்தது. பல பத்தாண்டுகளாக மறைத்து வைக்கப்பட்டிருந்த செய்தி அதில் ஒப்புக்கொள்ளப்பட்டது. நோவயா செம்லியா என்னும் தீவுகளின் கிழக்குக் கரையில் உள்ள குறுகிய கடற்கழிகளிலும், அதனை அடுத்த காரா கடலின் பள்ளத்திலும், நீர்மூழ்கிக் கப்பல்களிலிருந்தும் லெனின் என்னும் பனியுடைப்புக் கப்பலிலிருந்தும் அகற்றப்பட்ட அணு உலைகள் அமிழ்த்தப்பட்டிருந்தன. அவற்றின் எண்ணிக்கை 16. அவற்றுள் ஆறு, எரிந்த அணு எரிபொருளை அகற்றாமலேயே அமிழ்த்தப்பட்டவை. கே-27 என்னும் நீர்மூழ்கிக் கப்பல் 1982இல் முழுமையாகவே அங்கு மூழ்கடிக்கப்பட்டிருந்தது. இவையன்றி ஆயிரக்கணக்கான கலன்களில் திடக்கழிவும் கிடந்தது.

செய்தி வெளிவந்ததும் நார்வே முதலிய நாடுகள் நடுங்கின. வடகடல் மீன் அந்நாடுகளின் உணவு, அதுவே வாணிபம். கடலடியில் கிடக்கும் உலை துருப்பிடித்து உடையும் நாளில் நஞ்சு எவ்வழியாகச் செல்லும்? நார்வே நாட்டவரும் இரஷ்யரும் 1992 முதல் 1994 வரை கூட்டாகக் கப்பலேறிச் சென்று, நீரையும் சேற்றையும் எடுத்து ஆராய்ந்தனர். பன்னாட்டு அணுசக்தி முகமை 1993இல் ஒரு தனி ஆய்வுத் திட்டத்தையே தொடங்கிற்று.

துருவக் கடலில் நீர் எவ்வழியே செல்கின்றது என்னும் அறிவுக்கு ஒரு நூற்றாண்டு வரலாறு உண்டு. ஜெனட் என்னும் அமெரிக்கக் கப்பல் 1881இல் சைபீரியாவின் வடக்கே பனியில் நொறுங்கியது. மூன்று ஆண்டுகள் கழித்து அக்கப்பலின் பொருள்கள் வெகு தொலைவில், கிரீன்லாந்தின் தென்மேற்குக் கரையில் ஒதுங்கிக் கிடந்தன. பனி நகர்கின்றது என்பதை அதிலிருந்து உய்த்துணர்ந்த நார்வே அறிஞர் நான்சென், ஃபிராம் என்னும் கப்பலை 1893இல் வேண்டுமென்றே பனியில் உறையவிட்டார்; அக்கப்பல் மூன்று ஆண்டுகள் பனியோடு மிதந்து, மறுபுறம் வெளிவந்தது. அதன் பின்னர், பிரிட்டனின் செல்லாபீல்டு அணு ஆலை கடலில் விட்ட சீசியம், நான்கைந்து ஆண்டுகளில் நார்வேயின் கரையோரமாகச் சென்று துருவக் கடலின் வாயிலை எட்டியதை ஆய்வாளர்கள் அளந்தறிந்தனர். கழிவே நீரோட்டத்தின் வழிகாட்டியாயிற்று என்பது எவ்வளவு வேதனையான முரண்!

இந்த அறிவை அடித்தளமாகக் கொண்டு மாதிரிகள் அமைக்கப்பட்டன. கடலைப் பல பெட்டிகளாகப் பிரித்துக் கொள்வது ஒரு முறை. ஒவ்வொரு பெட்டியிலிருந்தும் அடுத்த பெட்டிக்கு ஆண்டொன்றுக்கு எவ்வளவு நீர் செல்கிறது, எவ்வளவு கதிரியக்கப் பொருள் சேற்றில் படிகிறது, எவ்வளவு தானாகச் சிதைந்து குறைகிறது என்று கணக்கிட்டுக்கொண்டே செல்வார்கள். வேறு சில குழுவினர் காற்று, பனி, ஆழம், உப்பு ஆகியவற்றைக் கொண்டு நீரோட்டத்தையே கணினியில் ஓடவிட்டனர். உலைகளை மூடியிருந்த உலோகமும் கற்காரையும் எத்தனை ஆண்டு தாங்கும் என்பதும் தனியே கணக்கிடப்பட்டது.

விடை என்ன? அமிழ்த்தப்பட்ட உலைகளின் கதிரியக்கம் முதலில் அஞ்சியதில் பாதிக்கும் குறைவு என்று பழைய பதிவேடுகளை ஆராய்ந்தபோது தெரிந்தது. அதுவும் 1994ஆம் ஆண்டுக்குள் சிதைந்து, ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கே எஞ்சியிருந்தது. எஞ்சியது கசிந்தாலும், அக்கடல் மீனை உண்டு வாழும் மக்களுக்கு அதனால் நேரும் கதிர்வீச்சு, நாம் அனைவரும் இயற்கையிலிருந்து பெறுவதில் ஆயிரத்தில் ஒரு பங்கையும் எட்டாது என்று கணக்கு கூறிற்று. அந்தக் கழிகளின் கரையிலேயே காவல் சுற்றும் படைவீரர்களுக்கு மட்டும் அது இயற்கைக் கதிர்வீச்சின் அளவை ஒத்திருக்கக்கூடும். ஆகவே அப்பகுதியைக் காவலில் வைத்திருக்க வேண்டும்; ஆனால் கதிர்வீச்சு ஒன்றையே கருதி உலைகளை மேலே தூக்கத் தேவையில்லை. இதுவே 1998இல் வெளிவந்த அறிக்கையின் சாரம்.

கொட்டியது சரி என்று இதற்குப் பொருளன்று. கதிரியக்கக் கழிவைக் கடலில் கொட்டுவதை 1993இல் உலக நாடுகள் கூடி முற்றாகத் தடை செய்தன. ஆயினும் இங்கு ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்தக் கணக்கு அச்சத்துக்கும் துணைபோகவில்லை, அலட்சியத்துக்கும் துணைபோகவில்லை. கரையில் காவல் நிற்கும் ஒரு சில வீரர்களையும் அது மறக்கவில்லை. இந்த நேர்மையை மனத்தில் இருத்திக்கொண்டு நாம் நம் ஆற்றுக்குத் திரும்புவோம்.

பாலாறு என்னும் மணலாறு

பாலாறு கர்நாடகத்தின் நந்தி மலைப் பகுதியில் தோன்றி, ஆந்திரத்தைக் கடந்து, தமிழ்நாட்டில் 222 கிலோமீட்டர் நடந்து, கல்பாக்கத்தை அடுத்துக் கடலில் சேர்கின்றது. ஆண்டின் பெரும்பகுதியில் அது ஆறாகக் காட்சி தருவதில்லை, மணலாகவே கிடக்கின்றது. ஆனால் அந்த மணலின் அடியில் நீர் உண்டு. ஊற்றுக்கால்வாய் வெட்டியும் கிணறு தோண்டியும் நம் முன்னோர் அந்த மறைந்த ஆற்றைத்தான் உழவுக்கும் உணவுக்கும் பயன்படுத்தினர். ஆதலால் மணலின்மீது ஊற்றப்படும் எதுவும் உண்மையில் ஆற்றுக்குள்ளேதான் ஊற்றப்படுகின்றது.

இக்கரையில் தோல் தொழில் நெடுங்காலமாக வேரூன்றியது. ஆவாரம் பட்டையும் கடுக்காயும் கொண்டு தோலைப் பதப்படுத்தி அயல்நாட்டுக்கு அனுப்பினர். குரோமியத்தைக் கொண்டு பதனிடும் முறையை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே ஆல்பிரட் சாட்டர்ட்டன் சென்னையில் சோதித்துப் பார்த்தார். எனினும் அது இங்கே பெருகியது 1970களுக்குப் பின்னரே. சீதாராமையா குழுவின் பரிந்துரையை ஏற்ற மத்திய அரசு, பாதி பதனிட்ட தோலின் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தி, முழுதும் முடித்த தோலையும் தோற்பொருளையும் ஏற்றுமதி செய்யுமாறு ஊக்கியது. நாட்டுக்கு அந்நியச் செலாவணி கிடைத்தது. ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் பேரணாம்பட்டிலும் மேல்விஷாரத்திலும் வேலை பெருகிற்று. காலணித் தொழிற்சாலைகளில் பல்லாயிரம் பெண்கள் தம் குடும்பத்தைத் தாங்கும் ஊதியம் பெற்றனர். இந்நன்மையை மறைத்துவிட்டுப் பாலாற்றின் கதையைச் சொல்வது முறையாகாது. நம் வீடுகளில் பலவற்றில் அடுப்பெரிந்தது அந்த ஊதியத்தால்தான்.

ஆனால் அதற்கான விலையைத் தண்ணீர் கொடுத்தது. ஒரு கிலோ தோலைப் பதனிட்டு முடிக்க ஏறத்தாழ 35 லிட்டர் நீர் செலவாகிறது என்று உச்ச நீதிமன்றத்தின் தீர்ப்பு குறிப்பிடுகின்றது. அந்நீர் முழுவதும் உப்பும், சுண்ணாம்பும், சல்பைடும், குரோமியமும், சாயமும் ஏந்திக்கொண்டு வெளியேறும். குரோமியத்தின் பெயரே எங்கும் பேசப்பட்டாலும், வயலைக் கெடுத்ததில் பெரும்பங்கு சாதாரண உப்புக்கு உண்டு. பச்சைத் தோல் அழுகாதிருக்க அதன்மீது தூவப்படும் உப்பு, டேனரியின் முதல் தொட்டியிலேயே கழுவப்பட்டு ஓடையில் இறங்கும். ஆவாரம் பட்டைக் காலத்திலும் இந்த உப்பு இருந்தது; தொழில் பெருகியபோது அதுவும் பெருகிற்று. உப்பை ஆவியாக்கிப் பிரித்தெடுக்கும் ஏற்பாடு பின்னாளில் வந்தது. அதற்கு முன் அது போன இடம் மணலும் ஏரியுமே.

விளைவு விரைவில் தெரிந்தது. அப்போதைய வடஆர்க்காடு அம்பேத்கர் மாவட்டத்தில் மட்டும் 584 டேனரிகள் இருந்தன. வேலூரில் உள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழக ஆய்வு மையத்தின் கணக்கீட்டின்படி, தோல் தொழில் நடைபெறும் பகுதியில் ஏறத்தாழ 35,000 எக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ பயிருக்கு ஆகாததாயிற்று. தென்னை காய்த்த தோப்புகளில் தென்னை பட்டது. கிணற்று நீர் நிறம் மாறிற்று. குடிநீருக்கு மக்கள் அடுத்த ஊரை நாடினர்.

வேலூர் குடிமக்கள் நல மன்றம் 1991இல் உச்ச நீதிமன்றத்தை அணுகிற்று. வழக்கறிஞர் எம்.சி. மேத்தா வழக்கை நடத்தினார். 1996 ஆகஸ்டு 28 அன்று நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு வழங்கிய தீர்ப்பு, இந்தியச் சுற்றுச்சூழல் சட்டத்தின் மூலைக்கல் என்று இன்றும் சட்டக் கல்லூரிகளில் கற்பிக்கப்படுகின்றது. தீங்கு நிகழுமுன்பே காக்க வேண்டும் என்பது அத்தீர்ப்பு நிலைநாட்டிய ஒரு கொள்கை. மாசு செய்தவரே ஈடு செய்ய வேண்டும் என்பது மற்றொன்று. ஒவ்வொரு டேனரிக்கும் 10,000 ரூபாய் தண்டம் விதிக்கப்பட்டது. இழப்பை மதிப்பிட ஓர் ஆணையமும் அமைக்கப்படலாயிற்று. பாலாற்றங்கரை உழவனின் கண்ணீர் நாட்டின் சட்டமாயிற்று எனலாம்.

மண்ணுக்குள் ஒரு கணக்கு

ஈடு செய்வதென்றால் எதற்கு, எவ்வளவு காலத்திற்கு? டேனரிகள் நாளையே திருந்திவிட்டால் கிணறு நாளை மறுநாள் இனிக்குமா? இதற்கு விடை கூற வேண்டியது அறிவியல். ஐதராபாத்தில் உள்ள தேசியப் புவி இயற்பியல் ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த ம. தங்கராஜன், மேல் பாலாற்றுப் படுகையில் மாசு எவ்வாறு பெயர்கிறது என்பதற்கு ஒரு கணித மாதிரியை அமைத்து 1999இல் வெளியிட்டார்.

அந்த மாதிரியின் அடிப்படை எளியது. பிரெஞ்சுப் பொறியாளர் ஹென்றி டார்சி 1856இல் மணல் நிரப்பிய குழாய்களில் நீரை ஊற்றி ஒரு விதியைக் கண்டறிந்தார். இரு இடங்களின் நீர்மட்ட வேறுபாடு எவ்வளவு மிகுதியோ அவ்வளவு விரைவாக நீர் மண்ணுக்குள் செல்லும். தொலைவு மிகுமானால் வேகம் குறையும். மண்ணின் தன்மையும் அதில் பங்கு கொள்ளும் என்பதே அவ்விதி. இதைக்கொண்டு ஒரு படுகையின் வரைபடத்தைச் சதுரங்க அட்டை போலக் கட்டங்களாகப் பிரிப்பார்கள். ஒவ்வொரு கட்டத்திற்கும் வரவு செலவு எழுதப்படும். மழையாலும் பக்கத்துக் கட்டத்தாலும் வருவது வரவு. கிணற்று மோட்டார் இறைப்பதும் அடுத்த கட்டத்திற்குக் கசிவதும் செலவு. நீரின் கணக்கு முடிந்ததும், அந்நீரில் கரைந்துள்ள உப்பின் கணக்கு தொடங்கும்.

இந்தக் கணக்கை முதலில் கடந்துபோன ஆண்டுகளுக்கு இயக்கிப் பார்ப்பார்கள். கிணறுகளில் உண்மையாக அளந்த மட்டத்தோடும் உப்போடும் அது ஒத்துவரும்வரை திருத்துவார்கள். நேற்றைச் சரியாகச் சொல்லக் கற்ற கணக்குக்கே நாளையைச் சொல்லும் உரிமை உண்டு. காரா கடலிலும் இதே ஒழுங்குதான் பின்பற்றப்பட்டது.

தங்கராஜனின் மாதிரி இரண்டு செய்திகளைக் கூறிற்று. முதலாவது, மாசு பெயர்வதற்கு முதன்மைக் காரணம் நீரோட்டமே. தானே கலந்து சிதறுவது குறைவு. கடலிலே ஒரு துளி நஞ்சு நான்கு திசையும் கலந்து மெலிந்துபோகும். மண்ணுக்குள் அவ்வாறு மெலிய வாய்ப்பில்லை. அது நீர் செல்லும் வழியே, அதன் கூடவே செல்கின்றது. மண்ணுக்குள் நீர் செல்லும் வழியைச் சரிவு மட்டும் முடிவு செய்வதில்லை. எந்தக் கிணறு மிகுதியாக இறைக்கிறதோ அதன் பக்கமாகவும் நீர் சாய்கின்றது. வறட்சியில் ஓர் உழவன் ஆழ்குழாய் அமைத்துத் தன் வயலைக் காக்க முயலும்போது, டேனரி ஓடையின் உப்பைத் தன் நிலத்தை நோக்கித் தானே அழைத்துக்கொள்ள நேரிடலாம். குற்றம் செய்தவன் ஒருவன்; துன்பத்தைத் தன் கையாலேயே இறைத்துக்கொள்பவன் மற்றொருவன்.

இரண்டாவது செய்தி இன்னும் கனமானது. மாசு வரும் வாயில்களில் இன்றே பாதியைக் குறைத்துவிட்டாலும், இருபது ஆண்டுகள் கழிந்த பின்னும் நிலத்தடி நீரில் கரைந்துள்ள உப்பின் அளவு பாதிக்குக் கீழே இறங்காது என்று கணக்கு கூறிற்று. இதைச் சற்று நிதானமாக வாசிக்க வேண்டும். பாதித் திருத்தத்திற்கு ஒரு தலைமுறை காத்திருந்தாலும் பாதிக்கு மேல் பலன் இல்லை. ஆற்றோர வண்டலும், அதன் இருபுறமும் வெடிப்புற்றுக் கிடக்கும் கெட்டிப் பாறையும் தாம் வாங்கியதை எளிதில் விடுவதில்லை. 2021 நவம்பரில் வந்தது போன்ற பெருவெள்ளம் மேல்மணலைக் கழுவிச் செல்லலாம். பாறை வெடிப்புகளில் தங்கிய உப்பை அது ஒரே மூச்சில் துடைத்துவிடாது.

காரா கடலையும் பாலாற்றையும் அருகருகே வைத்துப் பார்த்தால் ஒரு வியப்பு தோன்றுகின்றது. அணு உலை என்ற சொல்லைக் கேட்டு உலகம் நடுங்கிற்று. கணக்கோ அச்சத்தைத் தணித்தது. உப்பு என்ற சொல்லைக் கேட்டு ஒருவரும் நடுங்கவில்லை. கணக்கோ அச்சத்தை மிகுவித்தது. கதிரியக்கப் பொருளுக்கு அரை ஆயுள் உண்டு. சீசியம் முப்பது ஆண்டுகளில் பாதியாகக் குறையும். உப்புக்கு அப்படி ஓர் ஆயுள் இல்லை. அதனை நீரே கழுவ வேண்டும். நம் ஆற்றிலோ நீர் ஓடுவதில்லை.

இராணிப்பேட்டையின் குவியல்

மற்றொரு சான்றும் நம் அருகிலேயே உண்டு. இராணிப்பேட்டையில் 1970களின் நடுவில் தொடங்கி 1990களின் நடுவில் மூடப்பட்ட தமிழ்நாடு குரோமேட்ஸ் அண்டு கெமிக்கல்ஸ் நிறுவனம், டேனரிகளுக்கு வேண்டிய குரோமிய உப்புகளைச் செய்தது. ஆலை நின்றது, ஆனால் அது விட்டுச்சென்ற இலட்சக்கணக்கான டன் கழிவு மலைபோல் குவிந்து திறந்த வெளியிலேயே கிடந்தது. 2006இல் அமெரிக்காவின் பிளாக்ஸ்மித் நிறுவனம் உலகின் மிகவும் மாசடைந்த பத்து இடங்களைப் பட்டியலிட்டபோது, செர்னோபிலோடு இராணிப்பேட்டையும் அதில் இடம்பெற்றது. அணு விபத்து நிகழ்ந்த ஊரின் பெயருக்குப் பக்கத்தில் நம் ஊரின் பெயர்!

குரோமியத்திற்கு இரு வடிவங்கள் உண்டு. தோலைப் பதனிடப் பயன்படும் மூன்றிணைதிறக் குரோமியம் பெரும்பாலும் மண்ணோடு ஒட்டிக்கொண்டு கிடக்கும். அந்தக் குவியலில் உள்ள ஆறிணைதிறக் குரோமியமோ நீரில் எளிதில் கரைந்து அதனோடு பயணம் செய்வது, புற்றுநோய்க்குக் காரணமாவது. ஆகவே கொட்டிய பொருள் எது என்று அறியாமல் அதன் வழியைக் கணக்கிட இயலாது. இன்ன பொருள், இவ்வளவு, இங்கே கொட்டினோம் என்று கொட்டியவர் உண்மை கூறினால்தான் கணக்கு தொடங்கும். இரஷ்யா 1993இல் வாய் திறந்திராவிட்டால், காரா கடலின் மாதிரிகள் வெறுங்காகிதமாகவே இருந்திருக்கும். அறிவியலுக்கும் ஓர் ஒப்புரவு தேவைப்படுகின்றது. மறைத்ததை அறிக்கையிடுவதே அதன் முதற்படி.

கழிவு எப்போதும் மண்ணுக்குள் மெதுவாகவே பெயரும் என்பதும் இல்லை. 2015 சனவரி 31 விடியற்காலையில், இராணிப்பேட்டை சிட்கோ தொழிற்பேட்டையில் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் கழிவுச் சேற்றைத் தேக்கியிருந்த தொட்டியின் சுவர் இடிந்தது. பக்கத்தில் உறங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்மீது சேறு பாய்ந்து பத்துப் பேர் மாண்டனர். அவர்களுள் ஒன்பது பேர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். நச்சு நீரைத் தூய்மை செய்தால் தூய நீர் மட்டும் கிடைப்பதில்லை. பிரித்தெடுத்த நஞ்சும் கையில் மிஞ்சுகின்றது. அதை எங்கே வைப்பது என்ற கேள்வி ஒரு சுவரின் பின்னால் தள்ளி வைக்கப்பட்டிருந்தது. சுவர் இடிந்தபோது, அது உறங்கிக்கொண்டிருந்த ஏழைகளின்மேல் விழுந்தது.

கணக்கு கூறியபின்

இழப்பை மதிப்பிட்ட ஆணையம் 2001 மார்ச்சில் தன் முடிவை அறிவித்தது. அன்றைய வேலூர் மாவட்டத்தில் பாதிக்கப்பட்டோர் 29,193 பேர். அவர்களுக்கு 547 டேனரிகள் செலுத்த வேண்டிய தொகை 26 கோடியே 82 இலட்சம் ரூபாய் என்றது. 1991 ஆகஸ்டு முதல் 1998 திசம்பர் வரையுள்ள ஏழாண்டுக்கும் மேற்பட்ட காலத்திற்கான ஈடு இது. வகுத்துப் பார்த்தால் ஒருவருக்குச் சராசரியாக 9,200 ரூபாய்கூட வரவில்லை. நிலத்தையும் நீரையும் இழந்தவருக்கு ஆண்டுக்கு 1,300 ரூபாயும் இல்லை.

அதற்கும் மேலாக ஒன்று. 1998ஆம் ஆண்டோடு ஈட்டுக் காலம் முடிகின்றது. ஆனால் கணித மாதிரி கூறிய இருபது ஆண்டுகள் ஏறத்தாழ அங்கிருந்துதான் தொடங்குகின்றன. நீதியின் நாட்காட்டி முடிந்த இடத்தில் நிலத்தடி நீரின் நாட்காட்டி தொடங்கிற்று என்பதே பாலாற்றின் துயரம். பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் அமைந்தன. கழிவு நீரை வெளியே விடாமல் மீண்டும் பயன்படுத்தும் முறையும் பின்னர் வந்தது. இவை சிறிய முயற்சிகள் அல்ல. பெரும்பொருள் செலவில் நிகழ்ந்தவை. ஆயினும் மண்ணுக்குள் ஏற்கெனவே இறங்கியிருந்த கழிவு தன் வழியே சென்றுகொண்டுதான் இருந்தது.

2019இல் வேலூர் மாவட்டம் வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர் என மூன்றாகப் பிரிக்கப்பட்டது. ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூர் மாவட்டத்திற்குச் சென்றன. மாதிரி குறித்த இருபது ஆண்டுகளும் ஏறத்தாழ அதே காலத்தில் நிறைவுற்றன. 2025 சனவரி 30 அன்று உச்ச நீதிமன்றம் மீண்டும் பாலாற்றைப் பற்றித் தீர்ப்பளிக்க வேண்டியிருந்தது. நீதிபதிகள் பர்திவாலாவும் மகாதேவனும் அடங்கிய அமர்வு, மாசு ஓய்ந்தபாடில்லை என்பதைப் பதிவு செய்தது. ஈட்டுத் தொகை கிடைக்காதவர்களுக்கு ஆறு வாரத்திற்குள் அரசே வழங்கி, பின்னர் மாசு செய்தவர்களிடம் வசூலித்துக்கொள்ள வேண்டும் என்று ஆணையிட்டது. ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவரின் தலைமையில் கண்காணிப்புக் குழு அமைக்கவும் பணித்தது. 1991இல் மன்றம் ஏறிய வழக்கின் முப்பத்து நான்காம் ஆண்டு அது. வழக்குத் தொடங்கியபோது கைக்குழந்தையாக இருந்தவர் இன்று தம் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பிக்கொண்டிருப்பார்.

இவற்றையெல்லாம் நோக்கும்போது, கணித மாதிரி என்பது வெறும் எண்களின் கூட்டமாக நமக்குத் தோன்றவில்லை. மன்றத்திற்கு வர இயலாதவர்களின் சார்பாக நிற்கும் சாட்சியாகவே அது தோன்றுகின்றது. காரா கடலோரத்தில் காவல் நிற்கும் வீரனும், மேல் பாலாற்றில் பெயர் அறியாத ஒரு கட்டத்தில் கிணறு வைத்திருக்கும் உழவனும், இன்னும் பிறவாத அவன் பேரனும் அந்த எண்களுக்குள் இருக்கிறார்கள். என் அயலான் யார் என்ற பழைய கேள்விக்கு அந்தக் கட்டங்கள் தமக்கே உரிய முறையில் விடை கூறுகின்றன. நம் வாய்க்காலின் நீர் இருபது ஆண்டுகள் கழித்து யாருடைய கிணற்றைச் சென்று சேருமோ, அவன் நம் அயலான்.

ஆனால் சாட்சி பேசினால் மட்டும் போதாது, கேட்பவர் வேண்டும். வடகடலில் ஒரு கணக்கு வெளிவந்தபோது, நாடுகள் அதைக் கேட்டு, எதற்கு அஞ்ச வேண்டும், எதைக் காவலில் வைக்க வேண்டும் என்று தெளிந்தன. பாலாற்றின் கணக்கு தாளில் அச்சாகிக் கால் நூற்றாண்டு கடந்துவிட்டது. அதன் எண்களை ஒவ்வொரு ஊராட்சியின் கிணற்று நீரோடும் ஆண்டுதோறும் ஒப்பிட்டு, ஊர் மக்கள் படித்தறியும்படி எழுதி வைப்பது மனிதரால் ஆகாத செயலன்று. டேனரி முதலாளியும், அங்கே வேலை செய்யும் தொழிலாளியும், பக்கத்து வயலின் உழவனும் ஒரே ஞாயிறன்று ஒரே கூரையின்கீழ் அமரும் ஊர்கள் நம்மிடையே உண்டு. அம்மூவரும் ஒரே நிலத்தடி நீரைத்தான் பகிர்ந்துகொள்கிறார்கள். யார் தவறினார் என்பதை நீதிமன்றம் கூறிவிட்டது. நீர் எங்கே செல்கிறது என்பதை அறிவியலும் கூறிவிட்டது. இனி அந்தக் கிணற்று நீரை மாதந்தோறும் அளந்து, அளந்ததை மறைக்காமல் ஒருவருக்கொருவர் கூறிக்கொள்ளும் பொறுப்பு மட்டுமே எஞ்சியிருக்கிறது. அதை நிறைவேற்ற வேண்டியவர்கள் அக்கரையில் வாழும் நாமே.